விசில் ஊதிய பிறகும் நிற்காத ஆட்டம்

2011-12 சீசனில் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் சார்லட் பாப்கேட்ஸ் என்ற அணி 66 ஆட்டங்கள் ஆடி ஏழில் மட்டும் ஜெயித்தது. அந்த லீகின் வரலாற்றிலேயே அதைவிட மோசமான வெற்றி விகிதம் எந்த அணிக்கும் கிடையாது. அணியின் முதலாளி மைக்கேல் ஜோர்டான். ஆட்டக்காரராக ஆறு சாம்பியன் பட்டம் வாங்கிய அதே ஜோர்டான்.

தோல்வி மேல் தோல்வி வந்துகொண்டிருந்த நாட்களில், தொலைக்காட்சியில் கூடைப்பந்து விமர்சகராக இருக்கும் சார்லஸ் பார்க்லி ஒரு வானொலிப் பேட்டியில் மனதில் பட்டதைச் சொன்னார். மைக்கேல் முதலாளியாக நல்ல வேலை செய்யவில்லை, எதிர்த்துப் பேசக்கூடிய ஆட்களை அவர் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். யாராவது ஒரு மூன்றாம் மனிதர் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்துபோயிருக்கும். சொன்னவர் ஜோர்டானின் உயிர் நண்பர். ஜோர்டான் போன் செய்து வாய்க்கு வந்தபடி திட்டினார், அதோடு பேச்சு நின்றுபோனது என்று பார்க்லியே பிறகு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொந்தச் சகோதரன் மாதிரி இருந்தவர் என்று சொல்லும்போது அவர் குரலில் இருக்கும் வருத்தம் நடிப்பு இல்லை.

நான் கூடைப்பந்து ஆடி வளர்ந்தவள். கல்லூரிக்கு ஆடினேன், பிறகு ஒரு வங்கி அணிக்கு ஆடினேன். இப்போது காலை வேளைகளில் பள்ளிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கேபிள் டிவி வந்த புதிதில் ஜோர்டானையும் பார்க்லியையும் பார்த்துத்தான் எங்கள் தலைமுறை பாதி ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது. அதனால் இந்த இரண்டு பேர் பேசாமல் இருப்பது எனக்கு வெறும் அமெரிக்கச் செய்தியாகப் படவில்லை. எனக்குத் தெரிந்த பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கும் நடந்தது இது.

இவர்கள் எவ்வளவு நெருக்கம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் 1963 பிப்ரவரியில் மூன்று நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள். 1984இல் ஒரே ஆண்டில் என்பிஏவுக்குள் வந்தவர்கள். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் அந்த நாளில் ஜோர்டானை மூன்றாவதாக சிகாகோ எடுத்தது, பார்க்லியை ஐந்தாவதாக பிலடெல்பியா எடுத்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ‘ட்ரீம் டீம்’ என்று உலகமே கொண்டாடிய அணியில் சேர்ந்து ஆடித் தங்கம் வாங்கினார்கள். அந்த அணியில் அதிகப் புள்ளி அடித்தவர் ஜோர்டான் இல்லை, பார்க்லி. மறு ஆண்டே என்பிஏ இறுதித் தொடரில் எதிரெதிராக நின்றார்கள். 1993 சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது பார்க்லிக்குப் போயிருந்தது. ஜோர்டான் அந்தத் தொடரில் ஆட்டத்துக்குச் சராசரியாக 41 புள்ளி அடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். பார்க்லி கடைசிவரை ஒரு சாம்பியன் பட்டம்கூட வாங்காமல் 2000இல் ஓய்வு பெற்றார்.

இதில் நான் கவனிப்பது ஒன்றுதான். வாழ்க்கையின் மிகப் பெரிய பரிசை ஒருவர் மற்றவர் கையிலிருந்து பறித்தபோதும் அந்த நட்பு உடையவில்லை. இருவரும் ஓய்வு பெற்று, தொப்பையும் கோல்ஃப் மட்டையுமாக ஆன பிறகு, ஒரு வானொலிப் பேட்டியில் உடைந்தது.

ஏன் என்று புரிய ஜோர்டானின் மனம் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். 2020இல் கொரோனா ஊரடங்கில் நாம் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது ‘தி லாஸ்ட் டான்ஸ்’ என்ற பத்து பாக ஆவணத் தொடர் வந்தது. அதில் ஒரு காட்சி. ஆட்டத்துக்கு முன்னால் ஜோர்டான் பாதுகாவலர்களோடு சுவரோரமாக நின்று காசு எறிந்து விளையாடுகிறார். யாருடைய காசு சுவருக்கு மிக அருகில் விழுகிறதோ அவருக்குப் பணம். நம் ஊர்ப் பையன்கள் கோலி ஆடும் அதே குனிதல், அதே ஒரு கண் மூடல். ஒரு பாதுகாவலர் ஜெயித்துவிட்டு, ஜோர்டானின் பிரபலமான தோள் குலுக்கலை ஜோர்டானிடமே செய்து காட்டுகிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கோடிகளில் சம்பளம் வாங்குபவர் சில டாலருக்காக அந்தக் காசு விழுந்த இடத்தை எவ்வளவு தீவிரமாகப் பார்க்கிறார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அதே தொடரில் லாப்ராட்ஃபோர்ட் ஸ்மித் கதையும் வருகிறது. 1993 மார்ச்சில் வாஷிங்டன் அணியின் இந்த இளைஞர், ஜோர்டான் தன்னைத் தடுத்து ஆடியும் 37 புள்ளி அடித்துவிட்டார். ஆட்டம் முடிந்து போகும்போது ‘நல்லா ஆடினீங்க மைக்’ என்று அவர் தன்னைக் கிண்டல் செய்ததாக ஜோர்டான் சக ஆட்டக்காரர்களிடம் சொன்னார். மறுநாளே அதே அணியோடு மறுபடி ஆட்டம். ஜோர்டான் 47 அடித்தார், அதில் 36 முதல் பாதியிலேயே. பிற்பாடு தெரிந்தது, ஸ்மித் அப்படி எதுவும் சொல்லவே இல்லை. தன்னைச் சூடேற்றிக்கொள்ள ஜோர்டானே கட்டிய கதை அது.

பயிற்சியாளராக எனக்கு இது வியப்பாக இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் கோபத்தை எரிபொருளாக வைத்துத்தான் ஓடுகிறார்கள். நல்ல பேர் வாங்கினால் கால் தளர்ந்துவிடும், எவராவது மட்டம் தட்டினால் கால் பறக்கும். ஜோர்டானுக்கு மட்டம் தட்ட ஆள் கிடைக்காத நாளில் அவரே ஓர் ஆளை உண்டாக்கிக்கொண்டார். இப்படி இருபது வருஷம் பழகிய மனிதரிடம், யாரும் கற்பனை செய்யத் தேவையில்லாத உண்மையான ஒரு விமர்சனம், அதுவும் நண்பன் வாயிலிருந்து வந்தால் அது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? ஆலோசனையாகக் கேட்டிருக்காது. ஆட்டத்தைத் தொடங்கும் ‘டிப்-ஆஃப்’ விசிலாகத்தான் கேட்டிருக்கும்.

2009 செப்டம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்து ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவம் கொடுத்தபோது அவர் பேசியதையும் கேட்டுப்பாருங்கள். கண்ணீரோடுதான் மேடை ஏறினார். ஏறிய பிறகு பேச்சின் பெரும்பகுதி பழைய கணக்கு தீர்ப்பதிலேயே போனது. பள்ளியில் தனக்குப் பதிலாகப் பெரியவர்கள் அணியில் இடம் பிடித்த லெராய் ஸ்மித்தை அந்த விழாவுக்கே வரவழைத்திருந்தார். ஒரு பத்திரிகை அட்டைப்படத்துக்குத் தன்னைச் சேர்க்காத கல்லூரிப் பயிற்சியாளர் டீன் ஸ்மித், சிகாகோ அணியின் மேலாளர் ஜெர்ரி க்ரவுஸ், தன்னைச் சீண்டிய பயிற்சியாளர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். பலருக்கு அது சின்னத்தனமாகப் பட்டது. எனக்கு அந்தப் பேச்சு பாவமாக இருந்தது. ஆட இடமில்லாமல் போன ஒருவர் மைக்கைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்.

நான் நம்புவது இதைத்தான். ஆட்டத்தில் எவ்வளவு வெறி இருந்தாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. ரெஃப்ரி விசில் ஊதினால் போர்டில் இருக்கும் எண்தான் உண்மை. தோற்றவர் கதறலாம், ஆனால் தோற்றோமா இல்லையா என்ற சண்டை கிடையாது. அடுத்த வாரம் பதில் சொல்ல இன்னோர் ஆட்டமும் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு அந்த அடுத்த ஆட்டம் இல்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குப் பதில் சொல்லக் கோர்ட் கிடையாது. கடைசியாகப் பேசியவர் என்றென்றைக்கும் ஜெயித்த மாதிரி ஆகிவிடுகிறது. பேசாமல் இருப்பதுதான் இவர்கள் கையில் மிஞ்சும் ஒரே தடுப்பாட்டம்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. விளையாட்டு உளவியலில், ஒருவர் தன்னை எந்த அளவுக்கு ஆட்டக்காரராக மட்டுமே நினைக்கிறார் என்று அளக்க ஓர் அளவுகோல் உண்டு. 1993இல் ப்ரூவர், வான் ரால்ட்டே, லிண்டர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதில் இருக்கும் வாசகங்களில் ஒன்று, என் நண்பர்களில் பெரும்பாலோர் ஆட்டக்காரர்கள்தான் என்பது. அதை ஒத்துக்கொள்பவர்களை யோசித்துப்பாருங்கள். பெருமையும் நட்பும் அவர்களுக்கு ஒரே அலமாரியில் இருக்கின்றன. பெருமையில் கை வைத்தால் நட்பும் சேர்ந்து விழும்.

எங்கள் வங்கி அணியில் இரண்டு அக்காக்கள் இருந்தார்கள். ஒருவர் பாயிண்ட் கார்டு, மற்றவர் சென்டர். வெளியூர் போனால் ஒரே அறை. ஒருவருக்குக் கால் சுளுக்கினால் மற்றவர் உட்கார்ந்து தைலம் தேய்ப்பார். ஓய்வுக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். சென்டர் அக்கா, பழைய மாநில இறுதி ஆட்டம் ஒன்றில் தான் 22 பாயிண்ட் அடித்ததாக எப்போதும் சொல்வார். பேத்திக்குச் சொல்லி, வங்கிக் கிளையில் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி, அது அவருடைய இன்னொரு பெயர் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஒருநாள் கார்டு அக்கா வீட்டுப் பரணில் அந்த ஆட்டத்தின் பழைய ஸ்கோர் ஷீட்டைக் கண்டெடுத்து, அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். மடிப்பில் கிழிந்து மஞ்சளேறிய தாள். நீல பேனாவில் சாய்வுக் கோடுகள். சென்டர் அக்கா பெயருக்கு எதிரே 14. கீழே கார்டு அக்கா எழுதியிருந்தார்: ‘பாருடி, உன் 22ஐ. மிச்சம் எட்டும் நான் கொடுத்த பாஸா?’ பக்கத்தில் மூன்று சிரிப்புப் பொம்மை.

சென்டர் அக்கா அன்று மாலையே குழுவிலிருந்து வெளியேறினார். அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க முயன்றோம். சென்டர் அக்கா சுகர் என்று சொல்லிச் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். கார்டு அக்கா என்னிடம், ‘ஜோக்குதானேடி அடிச்சேன்’ என்றார். ஜோக்குதான். ஆனால் அந்தத் தாளை அவர் அத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தது ஜோக் இல்லை.

பெரிய நட்சத்திரங்களின் விஷயத்தில் இந்த ஸ்கோர் ஷீட்டின் இடத்தைப் புத்தகங்களும் ஆவணப்படங்களும் பிடித்துக்கொள்கின்றன. ‘தி லாஸ்ட் டான்ஸ்’ ஜோர்டானைத் தூக்கிவைத்து மற்றவர்களை ஓரம் கட்டிவிட்டது என்று, ஆறு பட்டத்திலும் கூட இருந்த ஸ்காட்டி பிப்பன் 2021இல் ஒரு புத்தகமே எழுதினார். 1994இல் ஓர் ஆட்டத்தின் கடைசி 1.8 வினாடிக்குக் களமிறங்க மறுத்து பெஞ்சில் உட்கார்ந்ததை அந்தத் தொடர் மறுபடி கிளறியது அவருக்குப் பொறுக்கவில்லை. மேஜிக் ஜான்சனும் ஐசையா தாமஸும் 1988 இறுதித் தொடரில் ஆட்டம் தொடங்கும் முன் கோர்ட்டின் நடுவே கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்ட நண்பர்கள். பல வருஷம் முறுகிக் கிடந்த அந்த நட்பை 2009இல் வந்த மேஜிக்கின் புத்தகம் பகிரங்கமாகவே கிழித்துப் போட்டது. 2017 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எதிரெதிரே உட்கார்ந்து, மேஜிக் மன்னிப்புக் கேட்டு, இருவரும் அழுது, கட்டிப்பிடித்துத்தான் அது ஒட்டியது.

டென்னிஸில் இதை நேரலையாகவே பார்த்தோம். 2010 மார்ச்சில் கலிபோர்னியாவின் இண்டியன் வெல்ஸில், ஹெய்ட்டி பூகம்ப நிவாரணத்துக்காக ஒரு காட்சி ஆட்டம். ஒரு பக்கம் ஃபெடரரும் பீட் சாம்ப்ராஸும், மறுபக்கம் நடாலும் ஆண்ட்ரே அகாசியும். ரசிகர்கள் கேட்டு ரசிக்கட்டும் என்று நால்வர் சட்டையிலும் மைக். சாம்ப்ராஸ், அகாசி நடக்கும் நடையைக் குட்டி எட்டு வைத்து நடித்துக் காட்டினார். அகாசி தன் கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காலியாகக் காட்டினார். சாம்ப்ராஸ் கார் நிறுத்தும் பையனுக்கு ஒரே ஒரு டாலர் டிப்ஸ் கொடுத்த கஞ்சன் என்று சில மாதம் முன்பு வந்த தன் சுயசரிதையில் அகாசி எழுதியிருந்தார். அதைத்தான் இப்போது கூட்டத்துக்கு முன்னால் நினைவுபடுத்தினார். சாம்ப்ராஸின் முகம் மாறியது. அடுத்த சர்வீஸ் அகாசியின் உடம்பைக் குறிவைத்துப் பறந்தது. நடாலும் ஃபெடரரும் வீட்டுச் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்ட பிள்ளைகளாக முழித்தார்கள். அகாசி பிறகு மன்னிப்புக் கேட்டார். 2002 அமெரிக்க ஓபன் இறுதியில் அகாசியை ஜெயித்ததுதான் சாம்ப்ராஸின் கடைசி ஆட்டம். அதோடு எல்லாம் முடிந்தது என்று நாம்தான் நினைத்துக்கொண்டோம்.

நம் பக்கத்துக் கதையும் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியும், சென்னை அகாடமியில் பயிற்சி எடுத்த லியாண்டர் பயஸும் 1999இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதிக்கும் போய் இரண்டை ஜெயித்தார்கள். பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். 2017 ஏப்ரலில் பெங்களூரில் நடந்த டேவிஸ் கோப்பையில், ஆட்டத்தை விட்டு வந்து கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் பூபதி. இன்னும் ஒரு இரட்டையர் வெற்றி கிடைத்தால் பயஸுக்கு உலக சாதனை. பூபதி அவரை ஆட வைக்கவில்லை. போபண்ணாவோடு கோவைக்காரர் ஸ்ரீராம் பாலாஜி இறங்கினார். பயஸோடு பரிமாறிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளைப் பூபதி பொதுவெளியில் போடும் அளவுக்கு அது முற்றியது. மறு ஆண்டு சீனாவின் தியான்ஜினில் பயஸ் அந்தச் சாதனையைச் செய்தபோதும் கேப்டன் பூபதிதான். தேர்வில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒருவர் இன்னும் ஆடிக்கொண்டிருக்க, இன்னொருவர் அவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உட்காருவது பழைய ஜோடிக்கு எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. முதலாளி ஜோர்டானுக்கும் விமர்சகர் பார்க்லிக்கும் இடையிலும் ஒருவர் மற்றவரை எடைபோடும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்படியானால் வெறி பிடித்த ஆட்டக்காரர்களுக்கு நட்பே நிலைக்காதா? நிலைக்கும் என்பதற்கு எனக்கு இரண்டு டென்னிஸ் வீராங்கனைகள் சாட்சி. கிறிஸ் எவர்ட், மார்ட்டினா நவரத்திலோவா. 1973 முதல் 1988 வரை 80 முறை மோதினார்கள். மார்ட்டினா 43, கிறிஸ் 37. முதலில் சேர்ந்து இரட்டையர் ஆடி பிரெஞ்சு ஓபனும் விம்பிள்டனும் ஜெயித்தவர்கள். தன் ஆட்டத்தின் ரகசியமெல்லாம் மார்ட்டினாவுக்குப் பிடிபடுகிறது என்று உணர்ந்ததும் கிறிஸ் அந்த ஜோடியை முறித்துக்கொண்டார். 1981இல் மார்ட்டினாவைப் பயிற்றுவிக்க வந்த நான்சி லீபர்மன் கிறிஸ்ஸை வெறுக்கக் கற்றுக்கொள் என்றார். இந்த லீபர்மன் எங்கள் கூடைப்பந்து நட்சத்திரம். எங்கள் கோர்ட்டில் எரிபொருள் எப்படி நிரப்புவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மார்ட்டினா தொடர்ந்து ஜெயிக்கத் தொடங்கினார், நட்பு சில காலம் பாழாய்ப் போனது.

ஆனால் இறுதிப் போட்டி நாளில் உடைமாற்றும் அறையில் மிஞ்சுவது இந்த இருவர் மட்டும்தான். ஆட்டம் முடிந்து ஒருவர் அழுதுகொண்டிருப்பார், ஜெயித்தவர் பக்கத்தில் போய் உட்காருவார். அடுத்த மாதம் இடம் மாறும். மெல்ல மெல்ல நட்பு திரும்பியது. திருமண வாழ்க்கை முறிந்து மனம் சோர்ந்திருந்த கிறிஸ்ஸை மார்ட்டினா ஆஸ்பனில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கேதான் பனிச்சறுக்கு வீரர் ஆண்டி மில்லைக் கிறிஸ் சந்தித்தார், 1988இல் கல்யாணம் நடந்தது. 2022 ஜனவரியில் கிறிஸ் தனக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று அறிவித்தார். ஒரு வருஷம் கழித்து மார்ட்டினா தனக்குத் தொண்டையிலும் மார்பிலும் புற்றுநோய் என்று சொன்னார். சிகிச்சை நாட்களில் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள்.

இவர்களிடம் வெறி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. வித்தியாசம் என்னவென்றால், சொல்ல வேண்டியதை எல்லாம் 80 ஆட்டத்திலும் உடைமாற்றும் அறையிலும் ஒருவருக்கொருவர் நேராகச் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். ஒருவர் தோற்று அழுததை மற்றவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். பரணில் பத்திரப்படுத்த எதுவும் மிச்சமில்லை. ஜோர்டானின் தோல்வியைப் பார்க்லி வானொலி நிலையத்தில் இருந்து பார்த்தார்.

பார்க்லி சொன்ன விஷயத்தில் தவறில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். மற்ற அணிகளின் நிர்வாகிகளைத் திட்டிவிட்டு நண்பன் என்பதற்காக ஜோர்டானை மட்டும் விட்டுவிட்டால் தன் வேலைக்கு நேர்மையாக இருக்க முடியாது என்று அவர் சொல்வதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மைக் முன்னால் உட்காருவதற்கு முன் அவர் ஒரு போன் செய்திருக்க வேண்டும். ‘மைக்கேல், இன்றைக்கு உன் அணியைப் பற்றிக் கேட்பார்கள், நான் இப்படித்தான் சொல்லப் போகிறேன்’ என்று. இரண்டு பேரும் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். ஜோர்டான் 2023இல் அந்த அணியின் பெரும்பங்கையும் விற்றுவிட்டார். சண்டைக்குக் காரணமான நாற்காலியே இப்போது வேறொருவருடையது. முதல் போனை பார்க்லிதான் செய்ய வேண்டும், பொதுவில் பேசியவர் அவர். அவர் செய்யும்போது ஜோர்டான் அதை எடுக்க வேண்டும் என்று, இருவரையும் பார்த்து லே-அப் கற்றுக்கொண்ட ஒருத்தியாக நான் ஆசைப்படுகிறேன்.